ஒரு நாளைக்கு ஒரு சேலை நீளம்

ஆவரைவிளையில் வீடுகள் நகரத் தொடங்கியது பங்குனி மாசத்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. நேரம் இவ்வளவு கறாராகத் தெரியக் காரணம் தபால்காரி தங்கபுஷ்பம். அவள் அப்போது மரியசெல்வம் வீட்டு வாசலில் நின்று ஒரு பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். மரியசெல்வம் 'ம' போட்டு முடித்து 'ரி'க்கு வருவதற்குள் வீடு ஒரு குலுக்குக் குலுக்கி ஒரு சாண் இடப்பக்கம் நகர, பேனாக்கோடு தாளை விட்டிறங்கித் தங்கபுஷ்பத்தின் மணிக்கட்டு வரை வந்து நின்றது. "நோட்டை ஒழுங்காப் பிடிக்கக் கூடாதாட்டி?" என்று மரியசெல்வம் எரிந்து விழுந்தாள். தங்கபுஷ்பம் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அடுத்த வீடும் நகர்ந்துகொண்டுதான் இருந்தது.

அதற்காக யாரும் குய்யோ முறையோ என்று கத்தவில்லை. இரண்டு வீட்டுக்கு நடுவே கட்டிய துணிக்கொடிகள் அறுந்து சேலையும் சட்டையும் மண்ணில் விழுந்ததுதான் அன்றைக்குப் பெரிய பேச்சு. யார் வீடு முதலில் நகர்ந்தது, யார் கொடியை அறுத்தது என்று பொழுது சாயும்வரை சண்டை நடந்தது. மறுநாள் குடிநீர்க் குழாய்கள் பிய்ந்து தண்ணீர் பீய்ச்சியது. குழாய் வேலை பார்க்கிறவன் வந்து, தலையைச் சொறிந்து, ரப்பர் குழாய் போட்டுவிட்டுப் போனான். ஒரு வாரத்தில் அதற்கும் பழகி, காலையில் எழுந்ததும் கதவைத் திறந்து இன்றைக்கு எதிர்வீடு யாரு என்று பார்த்துவிட்டுப் பல் விளக்கப் போவது ஊர் வழக்கமாகிவிட்டது.

எல்லா வீட்டுக்கும் ஒரே வேகம். உயர்நிலைப்பள்ளியில் அறிவியல் எடுக்கிற லிதியாள் டீச்சர் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு அளந்து, ஒரு நாளைக்கு அஞ்சரை மீட்டர் என்று சொன்னாள். பெண்கள் அதை ஒரு சேலை நீளம் என்று சுருக்கிக்கொண்டார்கள். சந்தையை ஒட்டிய வீடு இரண்டு மாசத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடும். ஊரைச் சுற்றி மேடாகக் கிடக்கிற செம்மணல் தேரியை ஒட்டி, ஊர் விளிம்பில் இருக்கிற தங்கபுஷ்பத்தின் வீட்டுக்கு ஒரு சுற்றுக்கு ஒன்றரை வருஷம் ஆகும். அதனால் உள்ளே இருக்கிறவர்கள் வெளியே இருக்கிறவர்களை முந்திக்கொண்டே போனார்கள், முந்தின வீடுகளை மறுபடி மறுபடி சந்தித்தார்கள், காலையில் உறைமோர் வாங்கின வீட்டுக்குக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க மறுமாசம்வரை காத்திருந்தார்கள்.

டீச்சர் ஒருநாள் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியில் ஏறிப் பார்த்துவிட்டு மூச்சு வாங்க இறங்கினாள். "முறுக்குப் பிழிஞ்சு வச்ச மாதிரி இருக்கு. நடுவுல பழைய ஓட்டுவீடுக கும்பலா, செவப்பா. அங்கயிருந்து ரெண்டு கை வளைஞ்சு வளைஞ்சு போகுது. கைக்குள்ளதான் புது வீடு, எல்லாம் நீலச் சுண்ணாம்பு அடிச்சது. வானத்துல நட்சத்திரக் கூட்டம் இருக்கு பாருங்க, கோடி கோடி நட்சத்திரம் சேந்து சுத்துமே, அச்சு அசலா அதேதான். பால்வீதின்னு பேரு வச்சவன் சும்மா வைக்கல. அதுவும் வீதிதான்."

"அது கிடக்கட்டும் டீச்சர்," என்றான் டீக்கடை ஆமோஸ். "ரேஷன் கார்டுல விலாசம் என்ன போட?"

பதில் கண்டுபிடித்தது தங்கபுஷ்பம்தான், வேறு வழியில்லாமல். இருபத்தாறு வருஷமாகத் தெரு வாரியாகத் தபால் கட்டுகிறவள். மேலத்தெருக் கட்டு, கோயில் தெருக் கட்டு, காலனிக் கட்டு என்று நூல் போட்டுக் கட்டி வரிசையாக இறக்கிக்கொண்டே போனால் ஒரு மணிக்கு வேலை முடிந்துவிடும். இப்போது மேலத்தெரு என்று நினைத்துப் போனால் அங்கே காலனி வீடுகள் நின்றன. ஒரு மாசம் கழித்துப் போனால் அவையும் கடந்துபோய் வேறு யாரோ நின்றார்கள். ஆனால் தெரு மட்டும் அப்படியே நெருக்கமாக, கலகலவென்று, அதே இடத்தில் இருந்தது. டீச்சரிடம் கேட்டாள்.

"கைன்னு சொல்றோமே, அது வீடு இல்லக்கா, நெரிசல்," என்றாள் டீச்சர். "ரயில்வே கேட் அடைச்சா வண்டி நிக்குதுல்லா? எப்பப் போனாலும் அங்கன கூட்டம் இருக்கும், ஆனா வண்டி வேற வேற. வீடு கைக்குள்ள வரும், நெருக்கும், பொறவு வெளிய போயிரும். கை அங்கனயே இருக்கும். நட்சத்திரத்துக்கும் அப்படித்தான்."

தங்கபுஷ்பம் அன்றைக்கே தெருப் பெயர்களை அழித்துவிட்டு ஆள் பேரும் வீடு ஓடுகிற சுற்றும் வைத்து நோட்டுப் போட்டாள். கோயில் தெருப் பெரிய வீட்டுக்காரர்களால்தான் அதைச் சகிக்க முடியவில்லை. காலனி வீடுகள் பக்கத்தில் வந்து நிற்கிறதே என்று அவர்கள் கூடிப் பேசி ஆளுயரத்துக்கு மதில் எழுப்பினார்கள். மதிலும் ஒரு நாளைக்கு ஒரு சேலை நீளம் நகர்ந்து, மூன்றாம் மாசம் சந்தைக்கு நடுவே போய் நின்றுகொண்டது. இப்போது அதில் கருவாட்டுக்காரிகள் வெயிலுக்கு ஒதுங்குகிறார்கள்.

கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை வீட்டு விலாசத்துக்குக் கீழே 'அன்றைய தேதியில் சர்ச்சுக்குத் தென்கிழக்கே' என்று அச்சடித்தார்கள். இதெல்லாம் பழகிப்போன பிறகு, இரண்டாம் வருஷத்தில்தான் டீச்சர் புதுக் கவலை ஒன்றைக் கொண்டுவந்தாள்.

"கணக்கு ஒதைக்குது," என்றாள். "ஓரத்து வீடுக இந்த வேகத்துக்கு என்னைக்கோ பிச்சுக்கிட்டுப் போயிருக்கணும். ஊரோட மொத்த எடையையும் போட்டுப் பாத்துட்டேன், சர்ச்சு மணி, மாவு மில்லு, சந்தைக் கெணறு எல்லாஞ் சேத்து. பத்தாது. கண்ணுக்குத் தெரியாத கனம் ஒண்ணு ஊரு முழுக்கப் பரவிக் கிடந்து பிடிச்சு வச்சிருக்கு. வானத்துலயும் இதே கததான். அங்க அது என்னன்னு யாருக்கும் தெரியாது."

ஆவரைவிளையில் தெரிந்துவிட்டது. அந்த ஐப்பசியில் ஓரகத்திகள் இரண்டு பேர், இருபது வருஷம் முகத்தில் முழிக்காதவர்கள், ஒரு பேரப்பிள்ளை பிறந்ததைச் சாக்காக வைத்துக் கட்டிப்பிடித்து அழுது சமாதானமானார்கள். ஒரு வாரத்துக்குள் இரண்டு வீடும் வரிசையை விட்டு விலகி, கோழிக்கூடு, மாட்டுத்தொழுவம் சகிதம் தேரியில் ஏறிக் கடற்கரைப் பக்கம் போய்க்கொண்டே இருந்தன; மொட்டை மாடியில் நின்று இரண்டு பேரும் கைகாட்டிக்கொண்டே போனார்கள். அடுத்து வாய்க்கால் தகராறைப் பேசித் தீர்த்த அண்ணன் தம்பி வீடுகள் போயின. ஊருக்கு விளங்கிவிட்டது. வீடுகளைப் பிடித்து வைத்திருந்தது பகை. ஒருத்தர் மேல் ஒருத்தர் வைத்திருக்கிற மனத்தாங்கல், வீம்பு, பேச்சு வார்த்தை இல்லாத வருஷங்கள், இவற்றின் கனம்.

அதன் பிறகு ஊர் நடந்துகொண்ட விதத்தைக் கேட்க வேண்டுமே! சமாதானம் பேச வந்த பாதிரியாரைத் தெருமுனையிலேயே மறித்து டீ வாங்கிக்கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். பெண் பார்க்கப் போனவர்கள், "ஊருக்குள்ள ஒங்களுக்கு யாரோடயாவது பேச்சு இல்லாம இருக்கா?" என்று கேட்டு, "ரெண்டு குடும்பத்தோட இல்ல," என்று பதில் வந்தால் முகம் மலர்ந்து தட்டை மாற்றினார்கள். பகையே இல்லாத ஆமோஸ் பயந்துபோய், மரியசெல்வம் வீட்டு முன்னால் நின்று வலிய வம்பிழுத்துப் பார்த்தான். அவளும் பதிலுக்குப் பேசினாள். இரண்டு பேரும் பாதியில் சிரித்துவிட்டார்கள். பொய்க் கோபத்துக்குக் கனம் கிடையாது என்பது அப்படித்தான் தெரிந்தது. டீக்கடை ஐந்தே மாசத்தில் முக்கால் கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது.

இத்தனைக்கும் நடுவே தங்கபுஷ்பத்துக்கு உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. காலையில் எழுந்ததும் பின்வாசலுக்குப் போய், சுவரிலிருந்து தேரி மணல்வரை அடி வைத்து எண்ணிப் பார்ப்பாள். முதல் வருஷம் நாற்பது அடி இருந்தது. மூன்றாம் வருஷம் பதினெட்டு. நாலாம் வருஷம் ஆடி மாசம் ஒன்பது. தபால் பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பி வந்து இன்னொரு தரம் எண்ணுவாள். எட்டரைதான் வரும்.

அவளுக்கு யார் மேலும் கோபம் கிடையாது. அவள் வீட்டைப் பிடித்து வைத்திருந்தது ஒரே ஒரு ஆளுடைய கோபம். அது அவள் கூடப்பிறந்த தம்பி ஜெயசிங்குடையது.

ஆறு வருஷத்துக்கு முந்தி நடந்தது அது. அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தார். கல்யாணம் காட்சி இல்லாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் தங்கபுஷ்பம். வடக்கே கப்பல் கட்டுகிற ஒரு கம்பெனியிலிருந்து ஜெயசிங்குக்கு வேலை உத்தரவு வந்தது. அதைக் கொடுக்க வேண்டியவளும் அவள்தான். கொடுத்தால் அன்றைக்கே கிளம்பிவிடுவான், அப்பாவைத் தனியாகத் தூக்கிப் புரட்ட முடியாது, தனியாக அந்த வீட்டில் இருந்து அவர் சாவதைப் பார்க்கவும் முடியாது என்று நினைத்தாள். ஒன்பது நாள் அந்தக் கடிதத்தைப் பைக்கு அடியில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினாள். பத்தாம் நாள் கொடுத்தபோது சேர வேண்டிய தேதி தாண்டியிருந்தது. அவன் உறையைத் திருப்பி முத்திரைத் தேதியைப் பார்த்தான். அப்பா உயிரோடு இருந்த அடுத்த நாலு மாசமும் அதை மனசில் அடக்கிக்கொண்டு கூட இருந்தான். அப்பா காரியம் முடிந்த அன்றைக்கு, பந்தலில் இருந்தவர்கள் அத்தனை பேரும் கேட்க, "இனிமே ஓன் வாசப்படிய மிதிச்சா நான் எங்கப்பனுக்குப் பொறக்கல," என்று சொல்லிவிட்டுப் போனான். பிறகு மாவு மில் வைத்தான், கலாராணியைக் கட்டினான், அக்கா தபால் கொண்டுபோனால் பெண்டாட்டியை விட்டு வாங்கச் சொல்லிவிட்டு உள்ளே எந்திரத்தைப் போட்டுவிடுவான்.

இப்போது அவள் வீடு தேரியை நோக்கிச் சரிகிறது என்றால் அவன் கோபம் கரைகிறது என்று அர்த்தம். எட்டரை அடி என்று எண்ணும்போது அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்து மறுபடி பயந்தாள், ஏனென்றால் அவன் மன்னித்துக்கொண்டிருந்தது முழுக் குற்றத்தையும் அல்ல, பாதியை.

ஆடிக் கடைசியில் டீச்சர் கணக்கோடு வந்தாள். "யக்கா, தம்பி வீடு ஓங்களை முந்தப் போகுது. கைக்குள்ள வச்சு. அங்க நெரிசல்ல சுத்துக்கும் சுத்துக்கும் நடுவுல சந்தே இருக்காது. ஆவணி பதினாலு, ஒரு பகல் முழுக்க ரெண்டு வாசலும் நேருக்கு நேர் நிக்கும். ரெண்டு சாண்தான் இடைவெளி." கணக்குத் தாளை மடித்தாள். "அடுத்தது ஆறு வருஷம் கழிச்சு. ஆனா நீங்க போற போக்குக்கு…"

"அடுத்தது எனக்கு இல்ல. அதானே?" என்றாள் தங்கபுஷ்பம்.

"மனசு விட்டுப் பேசிருங்கக்கா. இல்லன்னா பேசாம இருங்க. எதச் சொல்லணும்னு எனக்குத் தெரியல."

ஆவணி பதினாலு வந்தது. தங்கபுஷ்பம் லீவு போட்டாள். அப்பா செத்ததற்கு அப்புறம் போட்ட முதல் லீவு. வாசலைக் கூட்டினாள், தெளித்தாள், மறுபடியும் கூட்டினாள். காலை ஏழு மணிக்கு மாவு மில் வீட்டின் பச்சைக் கதவு மூலையிலிருந்து எட்டிப் பார்த்தது. பத்து மணிக்கு முழு வாசலும் எதிரே வந்துவிட்டது. உள்ளே ஆட்கள் பேசுகிற சத்தம் கேட்டது. பதினொரு மணிக்குக் கதவு திறந்து ஜெயசிங் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து தன் வாசல்படிக்குள்ளேயே, ஒரு விரல்கூட வெளியே நீட்டாமல், போட்டு உட்கார்ந்தான். காது ஓரம் நரைத்திருந்தது. மாவு படிந்த நரையா நிஜ நரையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அக்கம்பக்கத்து வீடுகள் அந்த நெரிசலில் நெருங்கி நின்றன. ஜன்னலெல்லாம் ஆள். மரியசெல்வம் வெற்றிலைப் பெட்டியோடு மாடியில் உட்கார்ந்திருந்தாள்.

கலாராணி வந்து ஒரு மண்சட்டியை நீட்டினாள். ஜெயசிங் அதை வாங்கி, இடுப்பை வளைத்து, கால் படியைத் தாண்டாமல் கையை மட்டும் அந்த இரண்டு சாண் சந்துக்கு மேலே நீட்டி அக்கா வாசலில் வைத்தான். சாளை மீன் குழம்பு. அப்பா விரும்பிச் சாப்பிடுகிற மாதிரி மாங்காய் போட்டது.

"நான் ஒண்ணும் ஓன் வாசப்படிய மிதிக்கல," என்றான். "அதுதான் வந்து எங்க வாசல்ல நிக்கி."

"ஆமா. அதுதான் வந்திச்சு," என்றாள் அவள்.

"சரி, போகட்டுங்கா. ஒம்போது நாளுதானே. அப்பாவ ஒத்தயில வச்சுக்கிட்டு நீயும் என்ன செய்வ? எனக்கும் வயசாச்சுல்லா. நான்…"

அவன் அந்த வார்த்தையை முடிப்பதற்குள் அவள் வீடு ஒரு குலுக்குக் குலுக்கியது. பின்வாசலில் மணல் சரிகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. கோழி பறந்து திண்டில் ஏறியது. இரண்டு சாண் இடைவெளி மூன்று சாணாயிற்று. கலாராணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெயசிங் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான், ஆனாலும் அவன் முகம் இளகித்தான் இருந்தது. அக்கா போனாலும் போகட்டும், மனசில் வைத்துக்கொண்டு இனி முடியாது என்கிற முகம். அந்த முகத்துக்காக அவள் ஆறு வருஷம் ஏங்கியிருந்தாள். அதை அப்படியே வாங்கிக்கொண்டு தேரியில் ஏறிப் போய்விடலாம். போய்க் கடலுக்குப் பக்கத்தில் நிம்மதியாக இருக்கலாம். அவளால் முடியவில்லை. பாதிக் குற்றத்துக்கு முழு மன்னிப்பை வாங்குவது அந்தக் கடிதத்தை ஒளித்ததைவிடப் பெரிய திருட்டு என்று அவளுக்குப் பட்டது.

"தம்பி, இன்னும் ஒரு கடுதாசி வந்துச்சு," என்றாள்.

"எது?"

"நீ அந்தக் கம்பெனிக்கு எழுதிப் போட்டேல்லா, தகப்பனுக்கு மேலுக்குச் சரியில்ல, பிந்திருச்சுன்னு. அவங்க பதில் போட்டாங்க. மறு மாசம் ஒண்ணாந்தேதி வந்து சேந்துக்கோன்னு. அதே முத்திர, அதே காக்கி ஒற. அப்பாவுக்கு அன்னைக்கு நெஞ்சுல சளி அடைச்சு, சேட்டுமம் இழுத்துக்கிட்டு இருக்கு. நீ தலமாட்டுல இருக்க. நான் பிரிச்சுப் படிச்சேன். படிச்சிட்டு அடுப்புல போட்டுட்டேன். இது ஒனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. நீ எதயும் மன்னிக்கிறதுன்னா இதையும் சேத்து யோசிச்சுக்கோ."

ஜெயசிங் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு முகம் கறுத்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

"அடுப்புலயா?" என்றான். "நாலு மாசம் தபாலாபீஸ் வாசல்ல வந்து நின்னேனே! ஒங்கிட்டயே கேட்டேனே, எனக்கு எதும் வந்துச்சாக்கான்னு! இல்ல மக்கான்னு தலையத் தடவிவிட்டியே, சண்டாளி! அந்தக் கையால!"

நாற்காலியைத் தூக்கி எறிந்தான். அது அவன் வீட்டுச் சுவரிலேயே பட்டு உடைந்தது. வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னான். அவன் பேசப் பேச அவள் காலுக்குக் கீழே தரை இறுகியது. சரிந்துகொண்டிருந்த வீடு நின்றது. நின்று, யாரோ கயிறு கட்டி இழுத்தது போல மெல்ல உள்ளே வந்தது. மூன்று சாண் இரண்டாகி, ஒன்றாகி, கடைசியில் அவள் வாசல்படியும் அவன் வாசல்படியும் முட்டிக்கொண்டு டொக்கென்று சத்தம் கேட்டது. மாடியிலிருந்து மரியசெல்வம், "நின்னுட்டுட்டி, நின்னுட்டு!" என்று கத்தினாள்.

ஜெயசிங் பேச்சை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தான். படியும் படியும் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு எட்டு வைத்தால் போதும். அவனுடைய வலதுகால் பெருவிரல் அந்தக் கோட்டில் வந்து நின்றது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கவில்லை. காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"செத்தாலும் ஓன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்," என்றான்.

"மிதிக்காத," என்றாள் தங்கபுஷ்பம். அவளுக்கும் அழுகை அடக்க முடியவில்லை.

அவன் உள்ளே போய்க் கதவை அடைத்துக்கொண்டான். மில் எந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது. பொழுது சாயச் சாயப் பச்சைக் கதவு கொஞ்சங் கொஞ்சமாக முன்னால் நகர்ந்து, அரைக் கதவாகி, ஒரு விளிம்பாயிற்று. தங்கபுஷ்பம் பின்வாசலுக்குப் போய் அடி வைத்து எண்ணினாள். இருபத்திரண்டு. மறுபடி எண்ணினாள், இருபத்திரண்டேதான். உள்ளே வந்து ஆறின சோற்றில் மீன் குழம்பை ஊற்றி, வாசலில் உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே சாப்பிட்டாள். உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

கடைசிக் கவளத்தில் அந்த வீட்டு மூலை ஜன்னல் படாரென்று திறந்தது. மாவு படிந்த தலை வெளியே வந்தது.

"எக்கா!" என்று கத்தினான் ஜெயசிங், கோபம் ஒரு துளிகூடக் குறையாமல். "அந்தச் சட்டியக் கழுவி வைய்யி! ஆறு வருஷங் கழிச்சு வந்து வாங்கிக்கிடுதேன்!"